லெம்மிங் நடந்த மேசை

நார்வேயின் தத்துவ அறிஞர் ஆர்னே நேஸ் (1912–2009) வாழ்க்கையில் பெரிய சாதனைகளுக்குக் குறைவில்லை. 27 வயதிலேயே ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1950இல் இந்துகுஷ் மலைத்தொடரின் திரிச் மீர் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஆனாலும் அவரை எனக்கு நெருக்கமாக்கியது ஒரு தெள்ளுப்பூச்சிதான்.

1986இல் ஆஸ்திரேலியாவில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் அந்தச் சம்பவத்தைச் சொல்கிறார். பழைய நுண்ணோக்கி ஒன்றில் இரண்டு ரசாயனத் துளிகள் கலப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேசைமேல் ஒரு லெம்மிங், வடதுருவப் பக்கத்துச் சிற்றெலி, உலாத்திக்கொண்டிருக்கிறது. அதன் உடம்பிலிருந்து ஒரு தெள்ளுப்பூச்சி குதித்து அமிலத்தில் விழுகிறது. காப்பாற்ற வழியில்லை. அது சாகப் பல நிமிடங்கள் ஆகின்றன. அதன் துடிப்பில் நேஸ் தன்னையே காண்கிறார்.

இதில் எத்தனை நுட்பம்! லெம்மிங் எப்படி மேசைக்கு வந்தது என்று அவர் விளக்குவதே இல்லை. அங்கே அது நடமாடுவது இயல்பு என்பதுபோல் விட்டுவிடுகிறார். மான்குட்டியையோ பறவையையோ சொல்லியிருந்தால் நம் மனம் எளிதில் இளகியிருக்கும். அவர் எடுத்துக்கொண்டதோ நாம் நகத்தால் நசுக்கும் பூச்சியை. வெறுங்கண்ணுக்கு அது ஒரு புள்ளி. லென்ஸ் வழியே பார்த்ததால்தான் அது வேதனைப்படும் உயிராகத் தெரிந்தது. இரக்கம்கூட இரண்டாவதுதான், முதலில் நிகழ்வது அந்த உயிரோடு ஒன்றிப்போவது என்கிறார். எல்லா உயிர்களுக்கும் தமக்கே உரிய மதிப்பு உண்டு என்னும் அவருடைய ‘ஆழ்நிலைச் சூழலியல்’ முழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

அந்தப் பார்வையை வளர்த்த இடமும் உண்டு. ஹாலிங்ஸ்கார்வெட் மலையடியில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், 1930களின் இறுதியில் அவர் கட்டிய மரக்குடில் த்வெர்காஸ்டைன். மரம் வளராத உயரம் அது. பூச்செடிகள் தரையோடு ஒட்டிக் கிடக்கும். ஒரு பூவைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் மண்டியிட்டுத்தான் ஆக வேண்டும். அவர் தம் சொந்தச் சூழலியல் தத்துவத்துக்கு ‘டி’ என்று பெயரிட்டது இந்தக் குடிலின் முதலெழுத்தைக் கொண்டுதான்.

காந்தியைப் பற்றி நூல்கள் எழுதிய நேஸுக்கு அந்தப் பார்வை செயலாகவும் மாறியது. 1970இல் நார்வேயின் மார்டால் அருவியை மின்திட்டத்துக்குத் திருப்புவதை எதிர்த்து அறவழியில் அமர்ந்தார். காவலர்கள் அவரைத் தூக்கிச் சென்றார்கள். திட்டம் நிறைவேறியது. இன்று அந்த அருவியில் கோடைச் சுற்றுலாக் காலத்தில் மட்டுமே தண்ணீர் திறந்துவிடுகிறார்கள்.

த்வெர்காஸ்டைன் பற்றி நேஸ் எழுதிய கட்டுரை ஆங்கிலத்தில் கிடைக்கிறது. அவருடைய தத்துவ நூல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அதைப் படியுங்கள். மொழிபெயர்க்கத் தெரிந்தவர்கள் தமிழுக்கும் கொண்டுவாருங்கள்.