செதுக்கிய கைக்கே கோப்பை

1939 ஆகஸ்டில், நியூ ஜெர்சியின் பெண்டிக்ஸ் விமானத்தளத்தில் கிளீவ்லாண்டுக்காரர் டிக் கோர்டாவின் ரப்பர் முறுக்கால் பறக்கும் மாதிரி விமானம் தரையை விட்டு எழுந்தது. முறுக்கிய ரப்பர் சீக்கிரமே அவிழ்ந்து ஓய்ந்தது. விமானமோ மேலெழும் வெப்பக்காற்றைப் பற்றிக்கொண்டு 43 நிமிடம் 29 விநாடி வானிலேயே நின்றது. மாதிரி விமானப் போட்டியின் வேக்ஃபீல்ட் கோப்பை அவருக்குப் போயிற்று.

எங்கள் மாதிரி விமான மன்றத்துப் பெரியவர்களுக்கு இது மனப்பாடம். கோப்பை தந்த வேக்ஃபீல்ட் பிரபு காஸ்ட்ரால் நிறுவனத்தின் அதிபர் என்பதும், அந்தப் பெயர் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது என்பதும் எண்ணெய் ஊரான விருதுநகருக்குத் தனிப் பெருமை.

கோர்டா காலத்தில் ரப்பரின் எடைக்கு வரம்பில்லை; 1954-ல் 80 கிராம் என்று வரம்பு கட்டினார்கள்; இன்று 30 கிராம். ரப்பர் குறையக் குறையக் கைவேலையின் நுட்பம் கூடியது.

இக்கட்டுரையாளரின் ஆசிரியர் என்.சி.சி. விமானப் பிரிவு வழி வந்தவர். பல்சா கட்டை கிடைக்காத நாட்களில் தீப்பெட்டி ஆலைக்கு வரும் மட்டி மரத்தையும் மூங்கிலையும் சீவி இறக்கைச் சட்டம் செய்தார். பட்டத்தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்து, அது காய்ந்து முரசுத் தோல்போல் விறைக்கும்வரை யாரையும் தொட விடமாட்டார். புரொப்பல்லரை ஊசியில் கோத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்வரை உப்புத்தாள் போடுவார். ஒரு மாணவன் அதற்கே மூன்று ஞாயிறு உட்கார்ந்ததுண்டு. எங்கள் பகுதியில் பட்டாசைக் காயவைக்கும் அதே வெயில்தான் கரிசலில் வெப்பக்காற்றையும் கிளப்புகிறது. பருந்து வட்டமிடும் இடம் பார்த்துத்தான் அவர் விமானத்தை விடுவார்.

இன்று? யாரையும் சுட்டிச் சொல்வதற்கில்லை. ஆர்வமுள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கடையில் வாங்கிய பெட்டியைப் பிரித்து, நுரை இறக்கையை நான்கு திருகில் பூட்டி, மாலைக்குள் பரிசு வாங்கிப் போகிறார்கள் சிலர். இறக்கை ஏன் அந்த வளைவில் இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. ஒட்டத் தெரியவில்லை, எடை பார்க்கத் தெரியவில்லை, உடைந்தால் சீர்செய்யத் தெரியவில்லை. புதிதாக வாங்கத்தான் தெரிகிறது. பழைய வேக்ஃபீல்ட் போட்டிகளில் கடல் கடந்து வர முடியாதவர்கள் விமானத்தைப் பெட்டியில் அனுப்பினார்கள், அங்கே வேறொருவர் பறக்கவிட்டார். அப்போதும் வெற்றி, விமானத்தைச் செய்தவர் பெயரில்தான் பதிவானது. இப்போது பறக்கவிட்டவர் பெயர் பலகையில் ஏறுகிறது. செய்தது எந்த ஊர் ஆலை என்றுகூட எவரும் கேட்பதில்லை. இப்படியே போனால் இதைப் போட்டி என்பதைவிடக் கடைவீதி என்றே அழைத்துவிடலாம்.

மன்றத்துப் பெரியவர்களிடம் பணிவான ஒரு விண்ணப்பம். அடுத்த போட்டியில் ஒவ்வொருவரும் தம் விமானத்தோடு, செதுக்கும்போது வீணான ஒரு புரொப்பல்லரையாவது நடுவர் மேசையில் வைக்கட்டும். ஆசிரியர் வீட்டுப் பரணில் அப்படிப்பட்டவை ஒரு சாக்கு நிறைய இருந்தன.