காலைப் பிடிக்கும் பின்னல்

போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் துணிக்கடையில் நின்றே முப்பது வருடம் ஓடிவிட்டது. ராத்திரி செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த பள்ளம் பாதத்தில் அப்படியே கிடக்கும். வெரிகோஸ் என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழ்வரை போடும் அழுத்தக் காலுறை, கிளாஸ் 2, எழுதிக் கொடுத்தார். போட ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது.

வாங்கப் போன இடத்தில் கேட்ட முதல் கேள்வியே "செருப்பு என்ன சைஸ்?" அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. இரண்டே நாளில் மேல்விளிம்பு சுருண்டு, முழங்காலுக்குக் கீழே ரப்பர் பேண்டு போட்டதுபோல் இறுக்கியது. சுருண்ட இடத்தில் துணி இரட்டிப்பாகிறது, அழுத்தமும் கூடுகிறது. அது நரம்புக்கு உதவாது, ரத்தத்தைத் தடுக்கும். அளக்க வேண்டியது கணுக்காலின் ஒடுங்கிய சுற்று, ஆடுசதையின் பெருத்த சுற்று, தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை உயரம். அதுவும் காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுமுன்.

அளந்து வாங்கிய இரண்டாவது ஜோடியைக் கடை டேபிளில் விரித்து இழுத்துப் பார்த்தேன். நம் திருப்பூர் பனியன் துணி குழாயாக வருமே, அதே வட்டப் பின்னல்தான். வித்தியாசம் ஊடே ஓடும் நூலில் இருக்கிறது: நடுவில் எலாஸ்டேன், அதன்மேல் நைலான் ஒருமுறை வலச்சுற்று, ஒருமுறை இடச்சுற்று. அந்த நூலைக் கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் மெஷின் விடுகிறது. ஜெர்மன் தர அளவுப்படி கிளாஸ் 2 என்றால் கணுக்காலில் 23 முதல் 32 மி.மீ. பாதரச அழுத்தம், மேலே ஏற ஏறக் குறையும். இந்த யோசனை கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற எஞ்சினியருடையது. நரம்பு வீங்கி அவதிப்பட்டவர், நீச்சல் குளத்தில் நிற்கும்போது கால் லேசானதைக் கவனித்தார். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தில் அதிகம், மேலே குறைவு. அதைத் துணியில் கொண்டுவந்தார். கடலுக்கு நடுவில் குடியிருக்கும் நமக்கு இது தோன்றாமல் போயிற்றே!

என் டேப் சொல்வது: காலையில் கணுக்கால் 23 செ.மீ. காலுறை இல்லாத நாளில் ராத்திரி 24.5. போட்ட நாளில் 23.2. கனம் இல்லை, குடைச்சல் இல்லை. போடுவதுதான் பாடு. படுக்கையை விட்டு இறங்குமுன் போட வேண்டும். குதிகால்வரை உள்பக்கம் வெளியே புரட்டி, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, உள்ளங்கையால் தடவித் தடவி ஏற்றினால் நான்கு நிமிடம். நகத்தால் இழுத்தால் நூல் போச்சு.

என் கதை சின்னது. பெரிய கதை என் அத்தையுடையது. கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்தவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். நாட்டில் மற்ற இடங்களில் யானைக்கால் கிருமியைச் சுமப்பது ராத்திரிக் கொசு. கச்சால் அடங்கிய நன்கௌரி தீவுக் கூட்டத்தில் மட்டும் மரப்பொந்துத் தண்ணீரில் வளரும் ஈடிஸ் வகைக் கொசு பகலில் கடித்துப் பரப்புகிறது. அதனால்தான் அங்கே உப்பில் டி.இ.சி. மருந்து கலந்துகூடக் கொடுத்துப் பார்த்தார்கள். பகலெல்லாம் தோட்டத்தில் நின்ற அத்தைக்கு இடது கால் யானைக்கால் ஆயிற்று.

அந்தக் காலுக்கு என் பனியன் பின்னல் ஆகாது. மடிப்புக்குள் புகுந்து வெட்டும். தட்டைப் பின்னல் வேண்டும். டீ-ஷர்ட் காலர் பின்னும் மெஷினின் இனம். வரிசைக்கு வரிசை கண்ணியைக் கூட்டிக் குறைத்து, காலின் வடிவத்துக்கே பின்னிப் பின்புறம் ஒரு தையல். துணி தடிமன், மடிப்பின்மேல் பாலம் போல நிற்கும். ஆனால் உடனே அளக்க முடியாது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஈரத்தைத் துடைத்து, சேற்றுப்புண் ஆறி, மூன்று வாரம் கட்டுப் போட்டுக் கால் வடிந்த பிறகுதான் டேப்பை எடுத்தோம். வீக்கத்தை இறக்குவது கட்டு. இறங்கியது ஏறாமல் பிடிப்பதுதான் காலுறை. இதை விற்பவர் யாரும் சொல்வதில்லை.

முதல் நாள் மாட்டிவிட்டபோது அத்தை கேட்டார்: "என்னடா தம்பி, மலைப்பாம்பு மாதிரி காலை முழுங்குது?" சாயங்காலம் நானே கழற்ற வந்தபோது, "இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம்" என்றார்.

சர்க்கரைக்காரர்கள், நடந்தால் ஆடுசதை வலிப்பவர்கள் காலுக்கு ரத்தம் சரியாக இறங்குகிறதா என்று டாக்டரிடம் பார்த்த பிறகே போட வேண்டும். இதில் விளையாட்டு வேண்டாம். இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு விரல் திறந்த மாடலே சரி. ஆறு மாதத்தில் இழுவை தளரும், புதிது வாங்கியாக வேண்டும். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, முறுக்காமல், துண்டில் சுற்றி அமுக்கி நிழலில் போட வேண்டும். மே மாதம் மழை பிடித்தால் அதுவும் ஒரே நாளில் காய்வதில்லை. அத்தையின் இரண்டாவது காலுறைக்கு நேற்று அளவு அனுப்பினேன். கணுக்கால் முன்னைவிட ஒரு செ.மீ. குறைவு.