விநாடி போதுமா?

விருத்தாசலத்துப் பீங்கான் சூளை ஒன்றிலிருந்து ஒரே நாளில் இரண்டு அடுக்குகள் வெளிவருவதாகக் கொள்வோம். பதிவேட்டில் தேதி மட்டுமே இருந்தால், எது முந்தியது என்று பின்னர் கூற இயலுமா? கணிப்பொறிக்கும் இதே இடர்ப்பாடு உண்டு.

ஒவ்வொரு கோப்பும் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைக் கணிப்பொறி குறித்து வைக்கிறது. 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கிய 'மேக்' போன்ற கருவிகள் அந்நேரத்தை நம்பியே இயங்குகின்றன. மூலக்கோப்பு புதியதானால்தான் நிரலை மறுபடி தொகுக்கும். நேரம் முழு விநாடியில் இருப்பின், அதே விநாடிக்குள் நடந்த மறுதிருத்தம் அதன் கண்ணில் படாமலே போகலாம். பழைய 'ஃபாட்' கோப்பு முறையிலோ 2 விநாடிக்கு ஒரு குறிதான்!

பின்வந்த 'எக்ஸ்ட்4' முறை, விநாடியில் 100 கோடியில் ஒரு பங்காகிய நானோ விநாடி வரை எழுத இடமளிக்கிறது. ஆனால் நிரல்மொழி அதனைச் சிதைக்காமல் தரவேண்டுமே! பைதான் மொழி 2006-இல் வந்த 2.5 பதிப்பு முதல் இந்நேரத்தைத் தசமப் புள்ளியுள்ள எண்ணாகத் தந்தது. அவ்வெண்ணுக்கு உள்ளவை 53 இரும இலக்கங்களே. 1970 முதல் எண்ணப்படும் விநாடிகளோ 170 கோடியைக் கடந்துவிட்டன. அவற்றுக்கே 31 இலக்கங்கள் செலவாகின்றன. மீதி 22 இலக்கங்களில் சுமார் 240 நானோ விநாடிக்குக் குறைந்த வேறுபாடு அடங்காது. இதனால், மூலத்தின் நேரத்தை நகலில் பதித்தால், நகல் சற்றே பழையதாகத் தோன்ற நேர்ந்தது. நேரத்தை ஒப்பிடும் காப்புநிரல் அதனை வீணாக மீண்டும் நகலெடுக்கும்.

2012-இல் இதற்குத் தீர்வு தேடியபோது, தசம எண் வகையைப் புகுத்தும் யோசனை ஏற்கப்படவில்லை. 3.3 பதிப்பில் நானோ விநாடியை முழு எண்ணாகத் தரும் தனிப் புலம் சேர்ந்தது. இம்முடிவு நன்றே. கணக்கு பிசகாது, பழைய நிரல்களும் பழுதுறா. எனினும் ஒரு குறை உண்டு. எளிய பெயர் பழைய புலத்துக்கே நின்றுவிட்டதால், புதிதாகக் கற்பவர் அதையே எடுத்தாளுகிறார்.

இலக்கம் பெருகினால் மட்டும் போதுமா? லினக்ஸ் நெடுங்காலம் ஒன்பது இலக்கங்கள் எழுதியும், கோப்புகளுக்கான கடிகாரத்தைச் சில மில்லி விநாடிக்கு ஒருமுறையே நகர்த்தி வந்தது. ஆகவே மாணவர்கள் நேரத்தை ஒப்பிடும்போது முழு எண்ணையே கொள்க. ஐயம் எழுந்தால் கோப்பின் உள்ளடக்கத்தையே ஒப்பிடுக. 2018-இல் வந்த பைதான் 3.7 பதிப்பும், தொகுத்த நிரல்களைச் சரிபார்க்க இவ்வழிக்கு இடந்தந்தது.