தியானமும் எதிர்ப்பும்: கோல்ட்ரேன் இசைத்தட்டுகள் சில குறித்து

கலை சமயத்தை நாடும்போது முற்போக்கு விமரிசனம் அதனை ஐயத்துடன் நோக்குவது வழக்கம். துன்பத்தின் காரணத்தைக் காணவிடாது துன்பத்தையே மறக்கச் செய்வது அத்தகைய கலை என்பது அவ்வையத்தின் சாரமாகும். பல இடங்களில் அது பொருத்தமானதே. ஆயினும், 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினக் கலைஞர் சிலர் ஒலிப்பதிவு செய்த, தியான இயல்பு வாய்ந்த பரிசோதனை ஜாஸ் இசைக்கு இவ்வளவுகோலை அப்படியே பிரயோகிக்கலாமா என்பது ஆராயத்தக்கது. அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் அவ்விசைத்தட்டுகள் புதிய கேட்போரை ஈர்த்து வருகின்றன. அவ்வீர்ப்பு உலகிலிருந்து ஒதுங்க விரும்புவோரின் மனப்பாங்கு மட்டுந்தானா? ஜோன் கோல்ட்ரேன் (1926–1967), அவருடைய மனைவி அலிஸ் கோல்ட்ரேன் (1937–2007) ஆகியோரின் மூன்று ஆக்கங்களைக் கொண்டு இவ்வினாவை நோக்குவோம்.

முதலில் பகைப்புலத்தை மனங்கொள்ளல் வேண்டும். வட கரோலைனாவில் பிறந்த ஜோன், கறுப்பினத் திருச்சபையொன்றின் போதகராயிருந்த பாட்டனாரின் இல்லத்தில் வளர்ந்தவர். டெட்ரோயிட் நகரத்தவரான அலிஸ், இளமையிலேயே தேவாலயங்களில் வாத்தியம் இசைத்தவர். அடிமை முறையிலும் அதன் பின் வந்த இன ஒதுக்கலிலும் கறுப்பின மக்களுக்குத் தேவாலயம் வழிபாட்டிடம் மட்டுமன்று. ஒன்றுகூடவும் துயரைக் கூட்டாக வெளியிடவும் எதிர்ப்பைத் திரட்டவும் அவர்களிடம் எஞ்சியிருந்த களமும் அதுவே. அம்மக்களின் இசையிற் பக்தியையும் போராட்டத்தையும் இரு வேறு கூறுகளாகப் பிரித்து நோக்குவது வரலாற்றுக்கு முரணானது.

1963 செப்டெம்பர் 15ஆம் திகதி அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரின் கறுப்பினத் தேவாலயமொன்றில் வெள்ளை இனவெறியர் வைத்த குண்டு வெடித்துச் சிறுமியர் நால்வர் உயிரிழந்தனர். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. அவ்வாண்டு நவம்பர் 18இல் கோல்ட்ரேன் ‘அலபாமா’ என்னும் ஆக்கத்தை ஒலிப்பதிவு செய்தார். பியானோவின் தாழ்ந்த சுரங்கள் அதிர்ந்துகொண்டிருக்க, தாளக்கட்டுக்கு உட்படாது சக்சபோன் பேசுவது போல ஒலிக்கின்றது. இடையிற் சிறிது நேரம் தாளம் கூடி வருகின்றது. பின்னர் அது கலைந்து, முதற்பகுதியின் புலம்பல் மீள்கின்றது. ஆறுதல் அளிப்பதாக இவ்விசை எவ்விடத்தும் பாசாங்கு செய்வதில்லை.

இதற்கு ஓராண்டின் பின்னர், 1964 டிசெம்பர் 9இல், அதே நால்வர் குழு பதிவு செய்ததே ‘எ லவ் சுப்ரீம்’ என்னும் நான்கு பகுதிகளைக் கொண்ட ஆக்கம். 33 நிமிடங்கள் நீளும் இதனைக் கோல்ட்ரேன் இறைவனுக்குக் காணிக்கையாக்கினார். முதற்பகுதியில் ஜிம்மி கரிசனின் பேஸ் வாத்தியம் நான்கு சுரங்களாலான சிறு தொடரொன்றைத் திரும்பத் திரும்ப இசைக்கின்றது. பின்னர் சக்சபோன் அத்தொடரைப் பன்னிரு சுருதிகளுக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுசெல்கின்றது. இறுதியில் மனிதக் குரலே அதனை உச்சரிக்கின்றது. இங்கு மீளுரைத்தல் மயக்கத்துக்கான உத்தியன்று. ஒரு சொல்லை எல்லா நிலைகளிலும் நிறுத்திச் சோதித்துப் பார்க்கும் செயல். இடைப்பட்ட இரு பகுதிகளோ வேகமும் மோதலும் நிறைந்தவை. எல்வின் ஜோன்ஸின் முழவொலியை அமைதி எனக் கூற எவரும் துணியார்.

இறுதிப் பகுதியான ‘சங்கீதம்’ எமது வாதத்துக்கு முக்கியமானது. இசைத்தட்டின் உறையில் அச்சிடப்பட்ட தமது கவிதையைக் கோல்ட்ரேன் இங்கு அசை அசையாக வாத்தியத்தில் ‘ஓதுகின்றார்’. தாளமின்றி, சொல்லின் வழியே இசை செல்லும் விருத்தத்தை அறிந்த எமக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. ஆனால் உற்றுக் கேட்கும்போது வேறோர் உண்மை புலனாகின்றது: கொலையுண்ட சிறுமியருக்காகப் புலம்பிய குரலும் இறைவனைத் துதிக்கும் இக்குரலும் ஒன்றே. தாளத்தை விலக்கி உரைக்கும் அதே முறை. அதிரும் அதே பின்னணி. துதி, புலம்பலை மறந்து பிறந்ததன்று, புலம்பலினூடாக வந்தடைந்தது.

அலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜேர்னி இன் சச்சிதானந்தா’ (1971) இத்துணை எளிதில் எமது நியாயத்துக்குள் அடங்குவதன்று. அவர் இவ்விசைத்தட்டுக்குப் பெயர் சூட்டிய சுவாமி சச்சிதானந்தர் கோயம்புத்தூரைச் சேர்ந்த தமிழர். 1950களில் இலங்கைக்கு வந்து கண்டியில் ஆச்சிரமம் நடத்தியவர். 1966இல் நியூயோர்க் சென்றவர். தம்பூரா ஒலித்தபோதிலும் இதில் இராக ஒழுங்கைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். இசையைத் தாங்குவது பேஸ் வாத்தியத்தின் மீளும் தொடரே. தம்பூரா அதற்கு நிறமூட்டுகின்றது. ‘ஸ்டொப்ஓவர் பொம்பே’ என்னும் பகுதி, 1970 டிசெம்பரில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அவர் மேற்கொள்ளவிருந்த பயணத்தைக் குறிப்பது. எனவே இது கண்ட கீழைத்தேயமன்று, கருதிக்கொண்ட கீழைத்தேயம். சாதியும் வறுமையும் அக்கருத்துருவில் இடம்பெறவில்லை. இக்குறையை மறைத்தல் தகாது. எனினும், தம்மை அடிமைப்படுத்தியோரின் நாகரிகத்துக்கு வெளியே ஒரு மரபைத் தேட நேர்ந்தவரின் தேவையும், ஓய்வுக்காகக் கீழைத்தேயத்தை நுகர்ந்தவரின் விருப்பும் ஒன்றல்ல. கணவரை இழந்து மூன்றாண்டுகளின் பின் எழுந்த இவ்விசையில் ஹார்ப் என்னும் மேனாட்டு யாழின் அலைகளுக்குக் கீழே துயரின் கனம் உண்டு.

சந்தை இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. 1978க்குப் பின்னர் வணிக ஒலிப்பதிவுகளிலிருந்து அலிஸ் விலகினார். 1980களிற் கலிபோர்னியாவில் தாம் நிறுவிய ஆச்சிரமத்தினருக்காகப் பக்திப் பாடல்களை ஒலிநாடாக்களிற் பதிந்தார். 2017இல் அவற்றின் தொகுப்பொன்று வணிகச் சந்தைக்கு வந்தது. இன்று இவ்விசை மன உளைச்சலைத் தணிக்கும் பின்னணி ஒலியாகவும் விற்கப்படுகின்றது. முற்போக்கு விமரிசனம் ஐயுற வேண்டியது இவ்விடத்தையே: புலம்பலைத் துடைத்துவிட்டு அமைதியை மட்டும் விற்கும் வணிகத்தை.

ஆகவே, உள்ளடக்கம் சமயஞ்சார்ந்தது என்பதொன்றையே கொண்டு ஓர் ஆக்கத்தைப் பிற்போக்கானது எனத் தீர்ப்பளித்தல் போதாது. அவ்வுள்ளடக்கம் எவ்வுருவத்தில், எவரது வரலாற்றிலிருந்து ஒலிக்கின்றது எனக் கேட்டல் வேண்டும். இவ்விசை எம்மை ஈர்ப்பது துன்பத்திலிருந்து விடுப்பதனால் அன்று. அவசரமின்றி, பிறரோடு கூடி, துன்பத்தின் முன் நிற்கப் பழக்குவதனாலேயே. ‘சங்கீதத்தை’ மட்டும் கேட்டு அமைதியுறுவோர் ‘அலபாமா’வையும் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்டபின் அவ்வமைதி முன்போல் இலகுவானதாக இராது.