தீக்குச்சி, வால்டியூப், குரும்பை

அரவிந்த் குப்தாவின் ‘மேட்ச்ஸ்டிக் மாடல்ஸ்’ புத்தகத்தை மறுபடி வாசித்தேன். ஐஐடி கான்பூரில் படித்த இன்ஜினியர். 1978-ல் டெல்கோ வேலையில் லீவு எடுத்து, ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனவர். அங்கே தீக்குச்சியும் சைக்கிள் வால்டியூபும் வைத்து உருவான மாதிரிகள் இவை. நாலு குச்சியை டியூப் துண்டால் இணைத்தால் சதுரம். லேசாகத் தள்ளினாலே சாயும். மூணு குச்சி முக்கோணம் அசையாது. கூரை ஏன் நிற்கிறது என்பது சின்னப் பிள்ளையின் விரலுக்கே புரிந்துவிடும். புத்தகத்தின் பலம் அதுதான்.

சிக்கல், அதை அப்படியே காப்பி அடிப்பதில். இன்றைய கியர் சைக்கிள் வால்வில் இந்த டியூபே கிடையாது. ஆன்லைனில் ஆர்டர் போட்டு வாங்கினால் அது எளிய பொருளா?

பூதப்பாண்டியில் தென்னை மூட்டுல குரும்பை சும்மா கிடக்கு. ஈர்க்கிலை ஒடித்துக் குத்தினால் வண்டி, ராட்டினம் எல்லாம் செய்யலாம். (குத்துவதைப் பெரியவங்க செய்யணும், முனை கூர்மை.) ஆனால் குரும்பை ரப்பர் மாதிரி வளையாது, சதுரம் சாய்வது தெளிவாகத் தெரியாது. அந்தப் பாடத்துக்கு ஈர்க்கிலை வாழைநாரால் லூசாகக் கட்டணும். சதுரம் உடனே சரியும், முக்கோணம் நிற்கும்.

குப்தாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பொருள் பட்டியல் இல்லை. சுற்றிக் கிடப்பதைப் பார்க்கிற பழக்கம்.