இலக்கைத் தொட்டால் போதுமா?

பக்கவாதத்திற்குப் பின் கையசைவை மீட்பதில் மெய்நிகர் உண்மை, அதாவது கணினி உருவாக்கும் காட்சிவெளிக்குள் நோயாளியை இயங்கவைக்கும் நுட்பம், தன் தகுதியை மெய்ப்பித்துவிட்டது என வாதிடுவோர், 190 ஆய்வுகளைத் திரட்டி 2025இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வைச் சான்றாகக் காட்டுகின்றனர். பிற பயிற்சிகளைவிடக் கையின் செயற்பாட்டில் சிறிதளவு கூடுதல் முன்னேற்றத்தை அம்மதிப்பாய்வு கண்டது உண்மை. வழக்கமான பயிற்சி அமர்வொன்றில் செயல்சார்ந்த கையசைவு சராசரியாக 32 முறையே நிகழ்கிறது என 2009இல் வெளியான ஆய்வொன்று காட்டியிருக்க, சலிப்பின்றிப் பன்முறை அசையத் தூண்டும் விளையாட்டின் பயனையும் மறுப்பதற்கில்லை.

ஆனால், பன்முறை செய்யப்படுவது எந்த அசைவு என்பதே இங்கு அடிப்படைக் கேள்வி. முழங்கையை நீட்ட இயலாதவர் உடலை முன்னே சாய்த்தும் தோளை உயர்த்தியும் கையை இலக்குக்குக் கொண்டுசெல்வார். ஈடுசெய் அசைவு எனப்படும் இது, இழந்த அசைவின் மீட்சியன்று. அதைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குவழி. இயன்முறை மருத்துவர் அருகிலிருந்தால் தோளைப் பிடித்து இதைத் தடுப்பார். பெரும்பாலான விளையாட்டுகளோ இலக்கு தொடப்பட்டதா என்பதை மட்டுமே பார்த்து மதிப்பெண் வழங்குகின்றன. வெகுமதி பெறும் செயலையே மூளை பழகிக்கொள்ளும் என்பது இச்சிகிச்சையின் ஆதாரக் கொள்கையாதலால், அக்கொள்கையின்படியே நோயாளி நாள்தோறும் பழகுவது குறுக்குவழியைத்தான்.

உடற்சாய்வையும் உணரிகள் கண்டறியும் என்பது ஆதரவாளர் தரும் விடை. கண்டறிவது வேறு, அதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது வேறு. பிழையான அசைவுக்கெல்லாம் மதிப்பெண் மறுக்கப்பட்டால் நோயாளி தோற்றுக்கொண்டே இருப்பார். அப்போது எந்த உற்சாகத்தின் பெயரால் இந்நுட்பம் பரிந்துரைக்கப்படுகிறதோ அந்த உற்சாகமே வடிந்துவிடும். நான்கு நாடுகளில் 141 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான எவ்ரெஸ்ட் ஆய்வில், நிண்டெண்டோ வீ என்னும் காணொளி விளையாட்டுக் கருவியில் பயின்றவர்கள் சீட்டாட்டம், ஜெங்கா போன்ற எளிய பொழுதுபோக்குகளில் ஈடுபட்டவர்களை விஞ்சவில்லை என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

எனவே, அசைவின் தரத்தை அளந்து அதற்கே மதிப்பெண் வழங்கும்வரை, இந்நுட்பம் பயிற்சி நேரத்தை நீட்டிக்கும் துணைக்கருவியே. மீட்புச் சிகிச்சை என்னும் பெயருக்கு அது இன்னும் உரியதாகவில்லை.