விடுதிப் பந்தி: வட்டுக்கோட்டையும் மதுரையும்

கொடைக்கானல் மலைச்சரிவில் பேத்துப்பாறை போன்ற ஊரில் பிறந்த பிள்ளைக்குப் படிப்பு என்பது பாதி பயணம். வகுப்பு ஏற ஏறப் பள்ளி தள்ளிப்போகும். காட்டு யானை இறங்கியிருக்கிறது என்ற சேதி வந்துவிட்டால் மாலையில் வீடு திரும்புவதே கவலையாகிவிடும். அதனால் ஒரு கட்டத்தில் "ஹாஸ்டல்ல சேத்துவிட்டுரலாமா" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. திருச்சபைகள் மாணவர் ஊழியத்துக்குக் கணக்குக் காட்டும்போது ஜெபக்கூட்டம், வேதபாடம், இளைஞர் முகாம் என்று பட்டியல் நீளும். அதே பிள்ளை விடுதியில் யார் சமைத்ததைச் சாப்பிடுகிறது, பந்தியில் யார் பக்கத்தில் உட்காருகிறது என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆனால் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இந்த ஊழியம் நடந்த இருநூறு ஆண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், ஒரு சபை மாணவர்களை என்னவாக ஆக்கியது என்பதைப் பிரசங்க மேடையைவிடச் சமையல்கட்டுத்தான் தீர்மானித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒப்பிடுவதற்கு இவ்வளவு பொருத்தமான இரண்டு ஊழியங்கள் கிடைப்பது அரிது. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அமெரிக்க மிஷன் 1816-இல் யாழ்ப்பாணத்தில் காலூன்றியது. 1834-இல் அங்கிருந்தே ஆட்கள் கடல் கடந்து வந்து மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல்வராக இருந்த டேனியல் பூவரே பிறகு சில ஆண்டுகள் மதுரையில் பள்ளிகளை நடத்தினார். சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்ப அந்த மதுரை மிஷன் குடும்பங்கள் 1845-இல் கட்டிய வீடுகளிலிருந்து வளர்ந்ததுதான் கொடைக்கானல் நகரம். 1908-இல் ஸ்காட்லாந்து, ஆற்காடு பிரஸ்பிட்டேரியன் சபைகளும் மதுரை, யாழ்ப்பாணம் காங்கிரிகேஷனல் சபைகளும் தென்னிந்திய ஐக்கிய சபை என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. 1947-இல் அந்தக் குடை தென்னிந்தியத் திருச்சபைக்குள் போயிற்று. யாழ்ப்பாணம் இன்றும் அதன் ஒரு பேராயம். ஒரே மிஷன் போர்டு, ஒரே மொழி, ஏறக்குறைய ஒரே சபை ஒழுங்கு. இப்படி இருந்தும் பந்தி விஷயத்தில் இரு கரையும் இரண்டு வழியில் போயின.

யாழ்ப்பாணத்தில் மிஷன் வளைந்துகொடுத்தது. உறைவிடப் பள்ளி தொடங்கிய காலத்தில் வேளாளப் பிள்ளைகள் மிஷன் கூரைக்குக் கீழே சோறு தின்ன மாட்டோம் என்றார்கள். பக்கத்திலிருந்த சைவர் ஒருவரின் காணியில் குசினி போடப்பட்டது. படிப்பு மிஷன் வளவில், சாப்பாடு வேலிக்கு அப்பால். நாளடைவில் அந்த அலைச்சல் பிள்ளைகளுக்கே சலித்துப்போய்க் குசினி உள்ளே வந்துவிட்டது. மிஷனரிகள் இதைப் பொறுமைக்குக் கிடைத்த வெற்றியாக எழுதிக்கொண்டார்கள். உள்ளே வந்தது குசினி மட்டும்தான். வராதவர்களைப் பற்றி அந்த வெற்றிக் கதை வாய்திறப்பதில்லை. 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர்கள் மிகப் பெரும்பான்மை வேளாளர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அமெரிக்காவில் ஒரு கொடையாளர் பணம் அனுப்பினார், அவர் விரும்பிய பெயர் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்கள் அப்படி வந்தவை. முன்பாதி கடலுக்கு அப்பாலிருந்து வந்திருக்க, பின்பாதியில் 'பிள்ளை' பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கல்விக்கூடம் எதை மாற்றியது, எதை அப்படியே விட்டது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி வேண்டியதில்லை.

இந்தியக் கரையில் ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் போதகர் ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டே தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர் சிலர் அதில் சேர்ந்தார்கள். அவர்களை விலக்கச் சொல்லி உயர்சாதிப் பெற்றோர் நெருக்கினார்கள். ஆண்டர்சன் மறுத்தார். மாணவர் பலர் நின்றுபோனார்கள். அது பகல் பள்ளி. தகராறு இலையைப் பற்றியதாக இல்லை, பெஞ்சைப் பற்றியது. இலைக்கு வந்தது மதுரை மிஷன். 1847-இல் அது, சாதி பாராமல் சேர்ந்து உண்ண மறுத்த சபையாரை, உபதேசியார்கள் உட்பட, விலக்கி வைத்தது. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, பறையர் கையால் சமைத்ததை உண்டு சாதியை விட்டதைக் காட்டாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்ற அளவுக்குப் போயிற்று. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் அதில் சேரவில்லை.

யாழ்ப்பாண வழிக்காக வாதாடுகிறவர் கையில் ஒரு நல்ல துருப்பு இருக்கிறது. வளைந்துகொடுக்காமல் இருந்திருந்தால் செமினரியே இருந்திருக்காது, செமினரி இல்லாவிட்டால் சி. வை. தாமோதரம்பிள்ளை இல்லை என்பார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான அவரும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டை மாணவர்களே. 1887-இல் கலித்தொகையை அச்சேற்றிய கையை உருவாக்கிய குசினியைக் குறை சொல்லலாமா? சொல்லலாம் என்பதே என் பதில். ஆண்டர்சன் மறுத்ததால் அவர் பள்ளி சாகவில்லை. போன பிள்ளைகளுக்குப் பதிலாக வேறு பிள்ளைகள் வந்தார்கள்; அதுவே வளர்ந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆயிற்று. மறுத்தால் எல்லாம் போய்விடும் என்பது நிர்வாகிகளின் பயம், சரித்திரம் அதை உறுதிப்படுத்தவில்லை. பொறுமைக்கு விலையும் உண்டு. ஆனால் அதைக் கொடுத்தது பொறுத்திருந்த மிஷனரி அல்ல; வேலிக்கு வெளியே இரண்டு மூன்று தலைமுறை நின்ற, ஒடுக்கப்பட்ட நளவர், பள்ளர் வீட்டுப் பிள்ளை. மூப்பர் ஆளும் சபை ஒழுங்கில் இது இன்னும் ஆழமாகப் பாய்கிறது. இன்று விடுதியில் படிக்கிறவன்தான் நாளை படித்தவன், படித்தவன்தான் மூப்பர், மூப்பர்கள்தான் அடுத்த போதகரையும் பள்ளித் தலைமையாசிரியரையும் முடிவு செய்கிறவர்கள். பந்தியில் விட்டுக்கொடுத்தது ஐம்பது வருடம் கழித்துச் சபையின் ஆட்சிக் குழுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு எதிரான இன்னொரு ஆட்சேபம் எனக்கு இதைவிடக் கடினமானது. ஒருவனைச் சாப்பிட வைத்து அவன் விசுவாசத்தைச் சோதிப்பது வன்முறை இல்லையா? இன்னொருவர் கைச்சோற்றைப் பரீட்சைத் தாளாக்கினால், சமைத்தவருக்கும் அது அவமானம்தானே? 1850-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைப் பொறுத்தவரை இந்த ஆட்சேபம் நியாயம். அதை விதித்தவர்களின் சொந்தப் பந்தி எப்படி இருந்தது என்றும் கேட்க வேண்டும். மிஷனரிகள் கோடைக்குக் கொடைக்கானல் ஏறினார்கள். தங்கள் பிள்ளைகளுக்கென்று 1901-இல் அங்கே ஹைகிளர்க் பள்ளியைத் திறந்தார்கள். அது பெயர் மாறி, பல நாட்டுப் பிள்ளைகளும் படிக்கும் சர்வதேசப் பள்ளியாக ஆனது 1970களில்தான். சமவெளியில் ஒரே பந்தி, மலையில் தனிப் பந்தி என்றால் மதுரை உபதேசியாருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆனாலும் ஞானஸ்நானத்துக்கு நிபந்தனை வைப்பது வேறு, விடுதிக்கு விதி வைப்பது வேறு. முன்னது ஒருவன் மனசாட்சிக்குள் கை நுழைக்கிறது. பின்னது, இங்கே படிக்க வருகிற எல்லாருக்கும் ஒரே அடுப்பு என்று மட்டுமே சொல்கிறது. மதுரை மிஷன் இரண்டையும் குழப்பிக்கொண்டது. அந்தக் குழப்பத்தைக் காட்டி விதியையே தள்ளிவிட முடியாது.

விதி மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு, அது யாழ்ப்பாணத்திலிருந்தே வருகிறது. 1872-இல் செமினரியின் வழித்தோன்றலாகத் திறந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் 1924-இல் மாணவர் காங்கிரஸ் பிறந்தது. அதன் உயிர்நாடியான ஹண்டி பேரின்பநாயகம் அந்தக் கல்லூரியில் படித்தவர். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்ததும் இந்த இளைஞர்களே. சம ஆசனம், சம போசனம் என்று அவர்கள் எழுப்பிய கோரிக்கை 1920களின் கடைசியில் உதவி பெறும் பள்ளிகளுக்குள் விதியாகப் புகுந்தபோது, எதிர்த்தவர்கள் பள்ளிக் கொட்டகைகளைக் கொளுத்தவும் தயங்கவில்லை. நூறு வருடப் பொறுமை கனிந்துவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. நூறு வருடம் தொடாமல் விட்ட ஒன்றை மாணவர்கள் தாங்களே தொட வேண்டி வந்தது, தொட்டபோது அது எரிந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் இந்தியக் கரையில் சேரன்மாதேவி குருகுலத்தில், தேசபக்தர்கள் நன்கொடையில் நடந்த விடுதியில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்ற சங்கதி வெளிவந்து தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியது. குருகுலத்தை நடத்திய வ. வே. சு. ஐயரும் வளைந்துகொடுக்கும் வாதத்தைத்தான் சொன்னார். பெரியார் அதை ஏற்கவில்லை. 1925-இல் காங்கிரஸை விட்டு வெளியேறினார். மிஷன், தேசியம், சுயமரியாதை என்று கொடிகள் வேறாக இருந்தாலும் மூன்றும் மோதிக்கொண்டது மாணவர் பந்தியில் என்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. வீட்டுச் சமையலறையை விட்டு முதல்முறை வெளியே சாப்பிடும் வயதில்தான் சாதி ஒன்று பழக்கமாக உறையும், அல்லது உதிரும்.

இதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு எந்த மெஸ்ஸில் சாதி கேட்கிறார்கள் என்று சொல்பவருக்கு 2023-ஆம் ஆண்டை மட்டும் நினைவூட்டலாம். அரசின் காலை உணவுத் திட்டத்தில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர் அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் இருந்தார்கள். நாங்குநேரியில் பட்டியல் சாதிப் பள்ளி மாணவன் சக மாணவர்களால் வீட்டுக்குள் வெட்டப்பட்டதும் அதே ஆண்டில்தான். அதன் பிறகு, மாணவரிடையே சாதி வன்முறையைத் தடுக்க வழி காண அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. அரசு விடுதிகள் ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் என்று துறைவாரியாகப் பிரிந்து வளர்ந்தவை. 2025-இல் அவை சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்டன. பெயர்ப்பலகைக்குப் பின்னால் சேர்க்கைப் பட்டியல் எந்த அளவுக்குக் கலக்கிறது என்பதே இனிப் பார்க்க வேண்டியது. கொள்கை அளவில் ஒரே அடுப்பை 1847-லேயே ஏற்றுக்கொண்ட சபைகளுக்கு இங்கே ஒரு முன்னுரிமை இருக்கிறது. கடமை என்றும் சொல்லலாம். ஆனால் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பேராயங்கள் தங்கள் விடுதிகளைப் பற்றிப் பேசும்போது இன்னும் கட்டட நிதி, தேர்ச்சி விகிதம், ஆராதனை வருகை என்றே பேசுகின்றன. மலையிலிருந்து இறங்கி வரும் பளியர் பழங்குடிப் பிள்ளையும் மூப்பர் வீட்டுப் பிள்ளையும் ஒரே விடுதியில் சேர்க்கப்படுகிறார்களா, சமையல் வேலைக்கு யார் எடுக்கப்படுகிறார், பரிமாறும் முறை எல்லாருக்கும் சுற்றிவருகிறதா என்ற மூன்று கேள்விக்கும் ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்கினால், மாணவர் ஊழியம் எங்கே நிற்கிறது என்பது அச்சில் தெரிந்துவிடும்.